பலகை பத்தல மச்சான்

பட்டறை அக்காவுடையது. அலமாரி, மேசை, சமையலறைப் பெட்டிகள், புத்தகத் தட்டுகள் எல்லாம் அங்கே செய்வார்கள். அக்காவின் கணவர் ஒரு காலத்தில் நில வரைபட அலுவலகத்தில் இருந்தவர். கோடும் கோணமும் கைவந்த கலை. அந்த வேலையை விட்டுவிட்டு மனைவியின் பட்டறைக்கே வந்து, பலகை அறுக்கும் கணினி இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். அக்காவின் தம்பி ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தான். வேலை முடிந்ததும் நேரே பட்டறைக்குத்தான் வருவான். தம்பி அவரை மாமா என்பான், அவர் அவனை மச்சான் என்பார். நாளடைவில் பாலிஷ் போடுகிறவர், மரக்கடைக்காரர், சுமையேற்றுகிறவர்கள் என்று எல்லோருக்குமே அவர் மாமா, இவன் மச்சான் என்றாகிவிட்டது. வரி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அம்மாள்கூடப் பேச்சுவாக்கில், "மாமா இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

இருவரும் சேர்ந்து எழுதிய நிரலின் பெயர் சில்லு. ஓர் அலமாரிக்கு வேண்டிய துண்டுகளின் அளவுகளைக் கொடுத்தால் போதும். பெரிய பலகையில் எந்தத் துண்டை எங்கே போட்டால் வீணாவது குறையும், மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கண நேரத்தில் படம் போட்டுக் காட்டிவிடும். முதலில் அக்காவின் பட்டறைக்கு மட்டும்தான் எழுதினார்கள். மூலையில் குவியும் துண்டுகள் பாதியாகக் குறைந்ததைப் பார்த்ததும், இதை நாம் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் போட்டார்கள். எங்கெங்கோ இருக்கும் தச்சர்கள் இறக்கிப் பயன்படுத்தினார்கள். சிலர் பிழை கண்டுபிடித்து எழுதினார்கள், சிலர் தாங்களே திருத்தியும் அனுப்பினார்கள்.

சிக்கல் உரிமத்தில்தான் இருந்தது. சில்லுவை என்ன நிபந்தனையில் கொடுப்பது என்று எழுத வேண்டிய நாளில், மாமா ஒரு வீட்டின் குளியலறையில் படுத்தபடி தொட்டிக்கு அடியில் கதவு பொருத்திக்கொண்டிருந்தார். திறந்து கொடுத்ததைத் திறந்தே வைக்கச் சொல்லும் காப்பிலெஃப்ட் உரிமத்தை மச்சான் தேர்ந்தெடுத்து, அங்கேயே போய்ச் சம்மதம் வாங்கிவந்தான். அன்று தொடங்கியது சண்டை.

"நீங்க ஒத்துக்கிட்டுத்தானே மாமா போட்டேன்."

"வாயில ரெண்டு திருகாணி வெச்சிருந்தேன்டா. உம்முன்னு சொன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தமா?"

புதிதாகச் சேர்ந்த பாலிஷ்காரர் ஒருநாள் தேநீர் வேளையில் விவரம் புரியாமல் கேட்டுவிட்டார். "அப்படி என்னங்க அதுல தகராறு?"

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தான். "ரொம்பச் சுலபம்ணே. சில்லுவ யார் வேணா எடுத்துக்கலாம். மாத்தலாம், விக்கவும் செய்யலாம். ஆனா மாத்தி இன்னொருத்தர் கையில குடுத்தா, உள்ள என்ன எழுதியிருக்குங்கிறதையும் சேர்த்துக் குடுக்கணும். வாங்கினவருக்கும் அதே உரிமை. நடுவுல எவனும் பூட்டு போட முடியாது."

"குடுத்தா குடுத்ததோட விடணும்ணே" என்றார் மாமா. "எடுத்துக்கோ, என்ன வேணா பண்ணிக்கோன்னு சொல்ற உரிமமும் இருக்கு. அதைப் போட்டிருந்தா இன்னிக்கு எல்லா மெஷின்லயும் சில்லு ஓடும். இவன் நிபந்தனையப் பார்த்தே பெரிய பெரிய ஆளுங்க கும்பிடு போட்டுட்டுப் போயிடறாங்க. நாற்காலி செஞ்சு குடுத்துட்டு, அதுல யார் எப்படி உக்காந்திருக்காங்கன்னு வீட்டுக்கு வீடு போய் எட்டிப் பார்ப்போமா?"

"நாற்காலிய நீங்க ஓசியா குடுக்கறதில்லையே மாமா. ஓசியா வாங்கினவன் அதுக்கு மேல ஒரு மெத்தையப் போட்டு, மெத்தைய அவுத்துப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"நல்ல மெத்தையா இருந்தா உக்காருவேன்."

பாலிஷ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகப்பட்டது. நைசாக நழுவி அலமாரிக்குப் பின்னால் போய்விட்டார்.

வேடிக்கையாக ஓடிக்கொண்டிருந்த சண்டை ஒரே ஒருமுறை கசந்தது. கித்தார் செய்கிற ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவரிடம் ஒரு பழைய அறுக்கும் இயந்திரம் இருந்தது. அதன் மோட்டாரை ஓட்டும் நிரல் தயாரித்தவர்களுக்கே சொந்தம், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டார்கள். அதோடு சில்லுவைப் பிணைத்து அவர் ஒன்று செய்திருந்தார். தான் பயன்படுத்துவதில் தடை இல்லை. ஆனால் தன்னைப் போல அந்த இயந்திரம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் கொடுக்க ஆசைப்பட்டார். சில்லுவின் உரிமப்படி, கொடுத்தால் முழுவதையும் திறந்து கொடுக்க வேண்டும். மோட்டார் நிரலைத் திறக்கும் உரிமை அவருக்கு இல்லை. முடியாது என்று மச்சான் வருத்தத்துடன் பதில் எழுதினான். அந்த மனிதர் நன்றி சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "நல்ல மனுஷன வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டோம்டா."

"அவருக்காகக் கதவைத் திறந்தா, பின்னாடியே ஒருத்தன் லாரியோட வருவான் மாமா."

"வந்தா வரட்டும். லாரிக்காரன் வருவான்னு பயந்து வீட்டுக்கு வாசலே வைக்காம இருப்பியா?"

அதன்பின் ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அக்கா வழியாகத்தான் கேட்டார்கள். "நான் என்ன தந்தி ஆபீஸா?" என்று அக்கா உப்புப் பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

மரவேலை இயந்திரங்களின் கண்காட்சி வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. பட்டறையின் இயந்திரம் தேய்ந்து போயிருந்தது. புதிது வாங்குவதற்கு முன் நாலு இடம் பார்க்கலாம் என்று அக்கா இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். விமான நிலையம் போலப் பெரிய கூடம், பளபளக்கும் தரை. கடைக்குக் கடை மிட்டாயும் பேனாவும் கொடுத்தார்கள். மாமா ஓசி அளவு நாடாக்களாகச் சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்.

கூடத்தின் நடுவில் கூட்டம் அதிகமாக இருந்த இடத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் புது இயந்திரம் நின்றது. அதன் தலையில் ஒரு கேமரா. பைன் மரப் பலகையை வைத்ததும், கிளை முளைத்த இடங்களில் இருக்கும் கரிய கணுக்களை எல்லாம் கேமரா கண்டுபிடித்தது. திரையில் துண்டுகள் தாமாக நகர்ந்து, ஒரு கணுகூடக் கதவின் முகத்தில் வராதபடி ஒதுங்கி அமர்ந்தன.

மாமா அப்படியே நின்றுவிட்டார். கணுக்களை அடையாளம் காண அவரும் எவ்வளவோ முயன்றிருக்கிறார். அவர் எழுதியது தேநீர்க் கறையையும் கணு என்றது, ஒருமுறை அவருடைய கட்டைவிரலையும் கணு என்றது.

"எப்படிடா பண்ணியிருக்காங்க?" என்றார் மச்சானிடம். குரலில் பொறாமை துளியும் இல்லை, ஆசைதான் இருந்தது.

பிறகு எந்தத் தச்சரும் செய்கிற சோதனையைச் செய்தார். பலகை தாங்காத அளவுக்குத் துண்டுகளைத் திரையில் சேர்க்கச் சொன்னார். விற்பனையாளர் சிரித்துக்கொண்டே சேர்த்தார். இயந்திரம் ஒரு கணம் யோசித்தது. திரையின் அடியில் ஒரு சிவப்புப் பட்டை வந்தது. அதில் எழுதியிருந்தது:

பலகை பத்தல மச்சான்.

விற்பனையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தார். சமாளிக்கப் பார்த்தார். "இது வந்து... வாடிக்கையாளர்கிட்ட உரிமையோட பேசற புது வசதி சார்."

முதலில் சிரித்தது அக்காதான். பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சில்லுவை எழுதத் தொடங்கிய நாட்களில், மாமா விளையாட்டாகப் போட்ட வரி அது. பலகை போதவில்லை என்றால் மச்சானைக் கூப்பிட்டு அழுவது போல எழுதிவைத்தார். கௌரவமாக மாற்றுங்கள் என்று மச்சான் பலமுறை கேட்டும் அவர் மாற்றவில்லை. இந்த நிறுவனம் மற்ற எல்லா வரிகளையும் மாற்றியிருந்தது. தச்சு தெரியாத அங்கத்திய ஆட்கள் யாரும் இவ்வளவு துண்டுகளைத் திணித்துப் பார்க்காததால் இது மட்டும் தப்பித்துவிட்டது.

"மாமா, இது சில்லு" என்றான் மச்சான். அவன் காது சிவந்துவிட்டது. "நம்ம சில்லுவ எடுத்து உள்ள வெச்சு விக்கறாங்க. ஒரு வார்த்த சொல்லல. மூலநிரலும் குடுக்கல."

மாமாவின் முகம் தன் பிள்ளை பரிசு வாங்குவதைக் கூட்டத்தில் நின்று பார்க்கும் தகப்பனின் முகமாக இருந்தது. "எவ்வளவு பெரிய மெஷின்ல உக்காந்திருக்கான் பாரு."

"சந்தோஷப்படற நேரமா இது?"

"கொஞ்சம் பட்டுக்கறேனே. அப்புறம் கோவப்படலாம்."

அப்போது இயந்திரத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். நிறுவனத்தின் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி. அந்தக் கணு வேலையை எழுதிய பொறியாளர் அவள்தான். திரையைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "இதுல மச்சான் யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்க மாமா" என்றாள் மற்றவரிடம். "உங்க ரெண்டு பேரையும் எனக்கு நல்லாத் தெரியும். நிரல் நடுவுல குறிப்பு எழுதி வெச்சிருக்கீங்களே, எல்லாம் படிச்சிருக்கேன். 'இந்த வரியத் தொடாதே, மாமா.' அதுக்குக் கீழ, 'தொட்டாச்சு, மச்சான்.' அதுக்கும் கீழ, 'அதான் ஓடல.' வேலையில சலிப்பு வந்தா அதைத்தான் எடுத்துப் படிப்பேன்."

மச்சானின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "அப்புறம் ஏன் ஒரு வார்த்த எழுதல?" என்று மட்டும் கேட்டான்.

அவள் மறைக்காமல் சொன்னாள். இவர்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்று ஆரம்பத்திலேயே நிறுவனத்தில் சொல்லியிருக்கிறாள். சில்லுவை இயந்திரத்தை ஓட்டும் நிரலோடு பிணைத்தாகிவிட்டது, இப்போது வாயைத் திறந்தால் அத்தனையையும் திறந்து காட்ட வேண்டி வரும் என்று பயந்து பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார்கள். "நீங்க கண்டுபிடிச்சதுல எனக்குத்தான் பாரம் எறங்கிச்சு" என்றாள். மாமா அவளுக்குத் தன் பையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

மச்சான் நிறுவனத்துக்கு முறைப்படி எழுதினான். நிறுவனத்தின் தலைவர் மூவரையும் நேரில் வரச் சொன்னார். கண்ணாடிச் சுவர் வைத்த அறை, நீள மேசை, அதன் ஓரத்தில் அந்தப் பொறியாளர். அக்கா உட்கார்ந்ததும் முதலில் மேசையின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். ஒட்டுப்பட்டை ஓரத்தில் கிளம்பியிருந்தது. மாமாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

தலைவர் மனிதர் மோசமில்லை. நடந்தது தப்பு என்று ஒப்புக்கொண்டார். பிறகு கேட்டார்: "உரிமத்த மட்டும் தளர்த்திக் குடுத்துடுங்க. என்ன வேணா செய்யலாம்கிற மாதிரி. சில்லு பேரையும் உங்க பேரையும் எங்க மெஷின் மேலயே போடறோம். உலகம் பூராப் போகும்."

இத்தனை வருடமாக மாமா எதற்காக வாதாடினாரோ, அதுவே தட்டில் வைத்து நீட்டப்பட்டிருந்தது. மச்சான் தலையைக் குனிந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"மாமா, முக்கால்வாசி நீங்க எழுதினது. உங்க ஆசையும் எனக்குத் தெரியும். நீங்க சரின்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

மாமா தண்ணீர் குடித்தார். "எனக்கு எல்லாருக்கும் குடுக்கத்தாங்க ஆசை" என்றார் தலைவரிடம். "நீங்க முதல்லயே கேட்டிருந்தா, இவனோட மல்லுக்கட்டியாவது வாங்கிக் குடுத்திருப்பேன். எடுத்ததுகூடப் பெரிசில்ல. இந்தப் பொண்ணு கணு வேலைய எவ்வளவு அழகா எழுதியிருக்கு. நான் தலைகீழா நின்னும் வராதது. அதை என் கண்ணுல காட்டாம வெச்சிருந்தீங்களே, அதுதான் தாங்கல. நான் படிக்கணும். தளர்த்திட்டா நாளைக்கு அதைப் பூட்டிடுவீங்க. அதனால இன்னிக்கு மட்டும் நான் மச்சான் கட்சி."

தலைவர் பெருமூச்சு விட்டார். "கணு நிரலத் தர்றதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. மோட்டார ஓட்டற நிரல் இருக்கே, அதுதான் எங்க உயிர். அதையும் திறக்கணும்னா கம்பெனிய மூடற மாதிரி. சில்லுவக் கழட்டிட்டுப் பழைய முறைக்கே போயிடுவோம்."

மச்சான் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். பாசாங்கு இல்லை, நிஜமான பயம். இதே பயம், இதே மோட்டார் நிரல், கித்தார்காரரையும் தடுத்தது அதுதானே என்று அவனுக்கு உறைத்தது. தான் காக்க நினைத்தது சில்லுவை மட்டும்தான். மோட்டார் அவனுக்கு எதற்கு?

"ஒண்ணு செய்யலாம்" என்றான். "உரிமம் காப்பிலெஃப்டாவே இருக்கட்டும். அதோட ஒரு விதிவிலக்கு சேர்ப்போம். சில்லுவ வேற எந்த நிரலோடயும் பிணைச்சுக் குடுக்கலாம், அந்த வேற நிரலத் திறக்க வேண்டியதில்ல. ஆனா சில்லுக்குள்ள கை வெச்சு மாத்தினது எதுவா இருந்தாலும் அது திறந்துதான் இருக்கணும். கணு உட்பட."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொறியாளர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினாள். மாமா மட்டும் மச்சானை முறைத்தார்.

"இதை ஏன்டா கித்தார்காரருக்குச் சொல்லல?"

"அப்பத் தோணல மாமா. நீங்க பேசாம இருந்த கோவத்துல யோசிக்கவே இல்ல."

"நானா பேசல? நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த."

"உப்ப அக்காகிட்ட கேட்டது யாரு?"

"ரெண்டு பேரும் வீட்டுல போய் அடிச்சுக்கோங்க" என்றாள் அக்கா. பிறகு தலைவரிடம் திரும்பி, "அது இருக்கட்டும், இந்த மேச விளிம்பு பிரியுது பாருங்க. எங்க பட்டறையில சரி பண்ணிக் குடுப்போம்" என்றாள். பேச்சு சுமுகமாக முடிந்தது.

சில்லுவுக்குத் திருத்தம் அனுப்பியிருந்த மற்றவர்களுக்கும் மச்சான் எழுதிக் கேட்டான். அவர்கள் எழுதியதன் உரிமை அவர்களுடையது, சம்மதம் இல்லாமல் நிபந்தனையை மாற்ற முடியாது. எல்லோரும் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், அந்த மச்சான் வரியை நீக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார்.

கணு நிரல் வந்த விடுமுறை நாளில் பட்டறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். காலை வெயில் மரத்தூள் மீது விழுந்து தரையெல்லாம் மஞ்சளாக இருந்தது. மாமா ஒவ்வொரு வரியாகப் படித்தார். "அடடே, இப்படி ஒரு வழி இருக்கா" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அவள் கறையையும் கணுவையும் நிறத்தை வைத்துப் பிரிக்கவில்லை, சுற்றியுள்ள ரேகை வளைகிறதா என்று பார்த்துப் பிரித்திருந்தாள். கணு இருந்தால் ரேகை ஒதுங்கிப் போகும். தேநீர் சிந்தினால் ஒதுங்காது. மரத்தோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் தனக்குத் தோன்றவில்லையே என்று மாமா சிரித்தார்.

பாதியில் ஓரிடத்தில், மாமாவும் மச்சானும் எப்போதோ சண்டை போட்டு விட்டுப்போன குறிப்புக்குக் கீழே, அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். 'சோதித்துப் பார்த்தேன். மச்சான் சொன்னதுதான் சரி. மாமா மன்னிக்கவும்.'

மச்சான் அதை உரக்கப் படித்தான், அக்காவை அழைத்துவந்தும் படித்துக் காட்டினான். மாமா மதியச் சாப்பாடு வரை அவனோடு பேசவில்லை. சாப்பிடும்போது மறந்துவிட்டார்.

கித்தார்காரருக்கு மாமாவே எழுதினார், தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார். அவர் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடமிருந்து ஒரு துணை நிரல் வந்தது. மெல்லிய பலகையில் இரண்டு பாதிகளின் ரேகை கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக வரும்படி அதில் வழி செய்திருந்தார். அது சில்லுவுக்குள் கை வைக்காமல் அவர் தனியாக எழுதிப் பிணைத்தது. உரிமப்படி அதை அவர் தர வேண்டிய அவசியமே இல்லை.

"பாத்தியா?" என்றார் மாமா. "யாரும் கேக்கல, கட்டாயப்படுத்தல. மனுஷன் தானா அனுப்பியிருக்கார். விட்டுக் குடுத்தா வரும்டா."

"கட்டாயம் இல்லேன்னா கணு வந்திருக்குமா மாமா?"

"கட்டாயத்துக்குப் பயந்துதானே அத்தன நாள் ஒளிச்சு வெச்சிருந்தாங்க?"

அது யோசிக்க வேண்டிய கேள்வி என்று மச்சானுக்கே பட்டது. மாமாவும் வழக்கம் போலத் துள்ளவில்லை. மச்சான் பிடிவாதமாக இருந்திராவிட்டால் அந்த அறையில் தனக்குப் பேசவே இடம் கிடைத்திருக்காது என்பது அவருக்கும் தெரியும்.

பாலிஷ்காரர் அக்காவிடம் வந்து காதோரம் கேட்டார். "கடைசியில யார் சொன்னதுங்க சரி?"

"எனக்கு என்ன தெரியும்ணே" என்றாள் அக்கா. "ஒருத்தர் சொன்னது சரின்னு ஆயிட்டா இன்னொருத்தர் சாயங்காலம் வர மாட்டாரு. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

புது இயந்திரம் பட்டறைக்கு வந்திறங்கிய நாளில் பொறியாளரும் வந்தாள். தானே பொருத்திக் கொடுக்கிறேன் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கணுக்கள் நிறைந்ததால் மரக்கடைக்காரர் ஒதுக்கி வைத்திருந்த பலகைகளை அக்கா வாங்கிப்போட்டிருந்தாள். முதல் பலகையை ஏற்றினார்கள். கேமரா பார்த்தது, துண்டுகள் நகர்ந்தன, ரம்பம் இறங்கியது. அறுத்து முடித்து எடுத்தபோது, ஒரு கணுகூட இல்லாத அலமாரிக் கதவு ஒன்று அக்காவின் கையில் இருந்தது. பசுமையான பைன் வாசனை பட்டறை முழுக்க அடித்தது. அக்கா அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். தம்பியின் கையில் கொடுத்தாள், அவன் மாமாவிடம் கொடுத்தான், மாமா பொறியாளரிடம் கொடுத்தார். கதவு கைமாறிக் கைமாறி எல்லோரையும் சுற்றியது.

"இனிமே நீங்களும் சில்லுக்காரங்கதான்" என்றார் மாமா அவளிடம். "நேரா எழுதுங்க. எங்ககிட்ட கேக்க வேண்டாம்."

"ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "சில்லுக்கு ஒரு கையேடு எழுதியிருக்கேன், படமெல்லாம் போட்டு. அதை எந்த உரிமத்துல வெளியிடறது?"

மாமாவும் மச்சானும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு பதில்கள். அக்கா கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, பொறியாளருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. இது முடிய நேரமாகும்."